டபுளின் மனைவிக்கு இரண்டு இருக்கை

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "டபுள்" என்றால்தான் தலை நிமிரும். விமான நிறுவனத்தின் கூட்டு முன்பதிவுப் பிரிவில் அவர் பார்க்கும் வேலை கொடுத்த பட்டம் அது.

அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இவருடைய நிறுவனமும் இன்னொரு நிறுவனமும் கூட்டாளிகள். பறப்பது அவர்களுடைய விமானம். அதில் சில இருக்கைகளை இவர்கள் தங்கள் எண்ணைப் போட்டு விற்பார்கள். ஆக விமானம் ஒன்று, எண் இரண்டு. விவரம் தெரியாத பயணி இரண்டும் வேறு வேறு விமானம் என்று நம்பி, ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டிலும் இடம் போட்டுவைப்பார். அந்த இரட்டைப் பதிவைத் தேடிப் பிடித்து ஒன்றை நீக்குவதுதான் நம்மவர் தொழில். அதில் ஈவு இரக்கமே பார்க்க மாட்டார். "ஒரு ஆளு எப்படிங்க ரெண்டு சீட்டுல உக்காருவாரு?" என்று திரையிடமே கேட்டுவிட்டுத் தட்டிவிடுவார். பதிவு எண் திரையில் முதலில் இருக்கும், பயணியின் பெயர் கடைசி ஓரத்தில் இருக்கும். அவர் கண் அந்த ஓரம்வரை போனதே கிடையாது.

கூட்டாளி நிறுவனத்துக்கு இவர்கள் வைத்த பெயர் "சம்பந்தி வீடு". வெளியே சிரிப்பு, உள்ளே புகைச்சல். அங்கே இதே வேலையைப் பார்க்கும் ஆளோடு டபுளுக்குத் தினமும் செய்தியிலேயே மல்லுக்கட்டு. முதலில் யார் கண்ணில் படுகிறதோ அவர் தம் பக்கத்துப் பதிவை நீக்கிவிட்டு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பது இருவருக்குள்ளும் ஏற்பாடு. முகமும் தெரியாது, குரலும் தெரியாது. பெரிய மீசை வைத்த முரடன் என்று டபுள் தானாகவே முடிவு கட்டியிருந்தார்.

வேலையில் இப்படிப் புலியான மனிதர் வீட்டில் சரியான மறதிக்காரர். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் பால் வைத்ததே நினைவுக்கு வரும். வெளிநாட்டு மருத்துவமனைக்கு நர்ஸாகப் போயிருந்த மனைவி தினமும் போனில் விரட்டுவதால்தான் மகளின் சாப்பாட்டு டப்பா பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. அந்த மகளுக்கு இந்த வருட ஆண்டு விழா நாடகத்தில் மரம் வேஷம். வசனம் கிடையாது, அசையவும் கூடாது. ஆனாலும் அம்மா வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "கண்டிப்பா வந்துடுறேன்டி கண்ணு" என்று அம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள். விழாவுக்கு முதல் நாள் வந்து இறங்கும் விமானத்தில் டபுளே இடம் போட்டார். அதை விட்டால் அடுத்த வாரம்தான் இடம்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வழக்கம்போலத் திரையில் ஓர் இரட்டைப் பதிவு வந்தது. தட்டினார். "எங்களுடையதை எடுத்துவிட்டோம், உங்களுடையதை வைத்துக்கொள்ளவும்" என்று சம்பந்தி வீட்டுக்குச் செய்தி அனுப்பினார். அனுப்பிய கையோடு அங்கிருந்தும் ஒன்று வந்து விழுந்தது. "எங்களுடையதை எடுத்துவிட்டோம், உங்களுடையதை வைத்துக்கொள்ளவும்." அதே விமானம், அதே இரட்டைப் பதிவு.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பறித்துக்கொண்டுவிட்ட அந்த அப்பாவி யார் என்று முதல்முறையாகக் கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனார். மனைவியின் பெயர் இருந்தது.

போனை எடுத்தார்.

"ஏம்மா, நீயும் ஒரு டிக்கெட் போட்டியா?"

"ஆமாங்க. நீங்க மறந்துட்டா என்ன பண்றதுன்னு நானும் ஒண்ணு போட்டுவெச்சேன். சொன்னா கோவிச்சுக்குவீங்க. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்."

கோபம் வரத்தான் செய்தது. கோபப்பட நேரம் இல்லை. இவர் நீக்கிய இருக்கையைக் காத்திருந்த யாரோ அதற்குள் வாங்கிவிட்டார். விமானம் நிறைந்துவிட்டது. மகளிடம் என்ன சொல்வது? மானத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டுச் சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டார். எடுத்தது ஒரு பெண் குரல்.

"இரட்டைப் பதிவு பார்க்கிற சார் இருக்காரா?"

"சாரா? அது நான்தான். நீங்க யாரு?"

மீசை அந்த இடத்திலேயே உதிர்ந்தது. டபுள் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"அடப்பாவமே, சொந்தப் பொண்டாட்டி சீட்டையேவா தூக்குனீங்க? எத்தனை நாள் என்னைப் படுத்தியிருப்பீங்க! இருங்க, பதறாதீங்க. நான் எடுத்த சீட்டைக் காத்திருக்கிறவங்களுக்கு இன்னும் குடுக்கல. நடுவுல டீ குடிக்கப் போயிட்டேன்."

அந்த டீக்கு டபுள் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"எந்த நம்பர்ல போடட்டும் சார்? உங்க நம்பரா, எங்க நம்பரா?"

"எதுல வேணும்னாலும் போடுங்கம்மா. ஆளு வந்தா போதும்."

மனைவி வந்தாள். விழா நாளன்று மேடைக்குப் பின்னால் மகளுக்கு இலைகளை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மகள் அம்மாவுக்கென்று முன்வரிசை நாற்காலியில் தன் புத்தகப் பையை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது தெரியாமல் டபுளும் தம் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார். பையை அவருக்குக் காட்டி ஆசிரியை ஒருத்தி வந்து நின்றாள்.

"அதுவும் உங்க வீட்டம்மாவுக்குத்தானாமே சார்? ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு சீட்டு? ஒண்ண எடுத்துடுங்களேன்."

இத்தனை வருடம் ஊரையெல்லாம் அதே கேள்வி கேட்டவர், கைக்குட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"ரெண்டும் இருக்கட்டும்மா. அவ வந்து உக்கார்ற வரைக்கும் நான் எதையும் எடுக்கமாட்டேன்."

திரை விலகுவதற்குக் கொஞ்சம் முன்னால் மனைவி ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடையில், அசையவே கூடாத மரம் அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கிளைகளையும் தூக்கி ஆட்டியது.