சீர்த்தட்டில் கருத்த அதிரசம்

இட்லி வெள்ளையாகவே இருக்கிறது, அதே மாவில் வார்த்த தோசை மட்டும் சிவந்துவிடுகிறது. இது ஏன் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பொட்டலம் மடித்து வந்த காகிதம், மகள் படித்துவிட்டுப் போட்ட புத்தகம் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்து வந்ததில் இதுவும் ஒன்று. ஒரு பண்டத்தில் ஈரம் இருக்கிறவரை அது தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டாதாம். ஆவியில் வேகிற இட்லிக்கு ஈரம் போக வழியே இல்லை. கல்லில் ஊற்றிய தோசைக்கு அடிப்பக்கம் ஈரம் சுண்டியதும் சூடு மேலே ஏறுகிறது. மாவில் இருக்கிற சர்க்கரையும் புரதமும் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று கூடி நிறமாகவும் வாசனையாகவும் மாறுகின்றன. அடுப்படியில் நிற்கிற நம் பெண்கள் அந்த நிறத்தைப் பழுப்பு என்று சொல்வதில்லை. சிவக்க வறு, சிவக்க எடு என்றுதான் சொல்வார்கள். சிவந்தால் பக்குவம். கொஞ்சம் தாண்டிக் கருத்துவிட்டால் ஊர் பேசும்.

அப்படி ஒரு பேச்சு எங்கள் அத்தை விஷயத்தில் நடந்தது.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர் திருவள்ளூருக்கு வடக்கே, ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். தாத்தாவும் ஆயாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். அம்மா வாழ்க்கைப்பட்டு வந்தபோது அத்தை பாவாடை கட்டத் தெரியாத சிறுமியாம். தலைவாரி, சோறூட்டி, பெரியவளானபோது பந்தல் போட்டு, எல்லாம் செய்தது அம்மாதான். பேச்சுக்குத்தான் அண்ணி, நாத்தனார். சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தால் தாயும் மகளும் என்றே யாரும் நினைப்பார்கள்.

கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. நேற்றுவரை முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் இன்றைக்கு மதில் எழும்பி நிற்கும் என்று நைனா வந்து சொல்வார். அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் வேலையாக இருந்தவருக்கு அத்தையைக் கொடுத்தார்கள். கம்பெனி மாப்பிள்ளை என்று ஊரே வாயைப் பிளந்தது. இனி நம்ம பொண்ணு சேறு மிதிக்க வேண்டாம், நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்கு வந்தபோது அத்தை முழுகாமல் இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். கேட்டதற்குச் சிரித்துவிட்டு, குழந்தை பெற நம் வீட்டுக்குத்தான் வருவேன், பிறந்ததும் முதலில் உன் மடியில்தான் போடுவேன் என்று என்னிடம் சொன்னாள். எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து என் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் படுத்தேன்.

எங்கள் வழக்கத்தில் ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளையல் அடுக்குவார்கள். தாய்வீட்டுச் சீர் போகும். சீரோடு போகிறவர்கள் திரும்பும்போது பெண்ணைக் கூட்டிவந்துவிடுவார்கள். சீரில் பழம், பூ, புடவை எல்லாம் இருந்தாலும் கண் போவது அதிரசக் கூடைக்குத்தான். அதை மாப்பிள்ளை தெருவில் வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் வாயில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். பெண் வீட்டின் யோக்கியதை அந்த நிறத்தில் இருக்கிறது.

தை மாதம். புது நெல், புது வெல்லம். அம்மா அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகுமுன் இடித்துச் சலித்து, பாகு காய்ச்சி ஊற்றிக் கிளறி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டு, பானை வாயில் வெள்ளைத்துணி கட்டி வைத்தாள். ஓரிரு நாள் ஊறினால் மாவு கைக்குப் பட்டுப்போல வரும். குறித்த நாளுக்குச் சரியாகக் கணக்குப் பண்ணித்தான் கிளறினாள்.

அப்போது கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆள் வந்தது. நாள் சரியில்லையாம், தள்ளி வைத்திருக்கிறார்களாம். சரி என்றார் நைனா. அடுத்து குறித்த நாளைக்கு முன்னும் ஆள் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். அம்மா பானைத் துணியை அவிழ்த்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். மூன்றாவதாக ஆள் வந்தபோது, நாளை மறுநாளே வந்துவிடுங்கள், விட்டால் எட்டாம் மாதம் பிறந்துவிடும், அதில் எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லிப் போனான். புதிதாக இடித்துக் கிளற நேரம் இல்லை.

மறுநாள் அம்மா எண்ணெய் வைத்தாள். இலையில் தட்டிய முதல் அதிரசம் உள்ளே இறங்கி மேலே வருவதற்குள் ஓரம் சிவந்தது. திருப்புவதற்குள் கருத்தது. விறகை வெளியே இழுத்தாள். எண்ணெய் சாதுவாகக் கிடந்தது. அதிலும் அடுத்தது கருத்தது. நடுப்பகுதி வேகும்வரை விட்டால் மேல்பகுதி கரிசல் மண் நிறத்துக்கு வந்துவிடும். நிறம் பார்த்து எடுத்தால் உள்ளே பச்சை மாவு. அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மாவு நாள்பட்டுப்போச்சு. வெல்லம் முழுக்க முத்திக்கினு நிக்குது. எண்ணெயைக் கண்டா ஓடியாந்து செவக்குது, நான் இன்னா பண்ணுவேன்."

அம்மா சொன்னது சரிதான் என்று பிற்பாடு படித்தபோது தெரிந்துகொண்டேன். ஊறிக் கிடக்கிற மாவில் அரிசியின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைகிறது. வெல்லத்திலும் சட்டென்று நிறம் பிடிக்கிற சர்க்கரை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சின்ன சூட்டுக்கே கருத்துப்போகும். தீய்ந்து கருப்பது வேறு, இது வேறு. அன்றைக்கு நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். மேலே லேசாக முறுகி, உள்ளே பஞ்சாக, தொண்டைவரை சுக்கு வாசனை. கசப்பே இல்லை. நைனாவும் தின்று பார்த்தார். ருசி இருக்கிறது, வேறென்ன வேண்டும், கூடையில் அடுக்கு என்றார். நைனா ஆண்பிள்ளை. அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஊத்துக்கோட்டையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் தெருப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அத்தை மனையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, மாமியார் கண்ணைக் கண்டு உட்கார்ந்துகொண்டாள். தட்டுகளை வரிசையாக வைத்தோம். மாமியார் வந்து அதிரசத்தின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னா சம்மந்தி இது, கொள்ளிக்கட்டை அடுக்கிக்கினு வந்த மாதிரி கீது? வயித்துப் புள்ளக்காரிக்கு நல்ல நாளும் அதுவுமா கருப்பைத் தூக்கிக்கினு வந்துகீறீங்க."

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தீயவில்லை, மாவு ஊறியது கொஞ்சம் கூடிவிட்டது, அதனால்தான் நிறம் என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். ஏன் ஊறியது கூடியது என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. நாளைத் தள்ளியது நீங்கள்தான் என்று பெண் வீட்டார் எந்த வாயால் சொல்வது? நைனா தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு எங்களுதுதான் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ருசி பார்த்தால் தீர்ந்துபோகிற வழக்கு என்று தோன்றியது. கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போனேன்.

"துன்னு பாரு ஆயா. தீயல."

அவள் வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு விநாடி அவள் முகம் இளகியது, நான் பார்த்தேன். பிறகு அதைக் கூடையிலேயே போட்டுவிட்டு, இப்போதுதான் வெற்றிலை போட்டேன் கண்ணு என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் போனேன். அவளுக்குச் சனிக்கிழமை விரதம். அடுத்தவளுக்குப் பல்வலி. இன்னொருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரி என்று மெச்சினாள், கையை மட்டும் நீட்டவில்லை. கூடம் முழுக்கச் சுற்றி வந்தேன். கடைசியில் அத்தைதான் மனையில் இருந்தபடியே கை நீட்டி வாங்கிக் கடித்தாள். மென்று விழுங்கிவிட்டு, "பதம் நல்லாத்தான் கீது, அண்ணி" என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தாயூட்டு மண்ணைக் கொடுத்தாலும் அவளுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மாமியார். சிரிப்பு எழுந்தது.

வளையலை அவசர அவசரமாக அடுக்கினார்கள். முடிந்ததும் மாமியார் தீர்ப்புச் சொன்னாள். சகுனம் சரியில்லை, இப்படித் தடங்கல் பட்ட நாளில் பிள்ளைத்தாய்ச்சி படி இறங்கக் கூடாது. இன்னொரு நாள் ஒழுங்கான சீரோடு வாருங்கள், பார்க்கலாம். அத்தையின் புருஷன் வாசல் நிலையில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நைனா அவரைப் பார்த்தார். அவர் தெருவைப் பார்த்தார்.

அப்போது வெளியே சைக்கிள் மணி கேட்டது. சாப்பாடு ஆச்சா என்று ஒரு ஆள் குரல் கொடுத்தான். அத்தை சட்டென்று எழுந்து, கை நிறைந்த வளையலோடு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சமையலறைச் சுவரோரம் கேரியர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அண்டாவில் சோறு, தவலையில் குழம்பு. கம்பெனிகளில் மிஷின் பூட்ட வந்து தங்கியிருந்தவர்களுக்கு அந்த வீட்டிலிருந்துதான் மூன்று வேளையும் சாப்பாடு போனது. அத்தை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சோற்றை அள்ளிக் கேரியரில் போட்டாள். வேறு யாரும் உள்ளே வரவில்லை. அது தெரியாமல், விருந்து சமைத்துப் போட அந்த வீட்டுக்கு இவ்வளவு சொந்தக்காரர்களா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன்.

நான் எப்போ அத்தை வருவே என்று கேட்டேன். "நீ போ கண்ணு, பஸ்ஸு போயிடும்" என்றாள். தலை நிமிரவில்லை.

அம்மா ஊர் திரும்பிய அன்றே அரிசியை ஊறப்போட்டாள். பொன்னாக எடுத்த அதிரசத்தோடு நைனா மறுபடி போனார். அதற்குள் எட்டாம் மாதம் பிறந்திருந்தது. வழி தாண்டக் கூடாது என்றார்கள். அதிரசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதாம் மாதம் போனபோது, இந்த உடம்போடு பஸ்ஸிலா என்று கேட்டார்கள். குழந்தை அங்கேயே பிறந்தது, உலை கொதிக்கிற வேளையில். பொழுது சாயும்வரை கூட அது இருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்கட்டில் மண் ஈரமாக இருந்தது. சைக்கிள்காரன் அன்றைக்கும் வந்து நின்றிருந்தான்.

அத்தை அதன் பிறகும் அந்த வீட்டில்தான் இருந்தாள். வேறு குழந்தை பிறக்கவில்லை. கம்பெனிகள் பெருகப் பெருகக் கேரியர்களும் பெருகின. மாவை முந்திக்கொண்டு கிளறிவிட்டேன், பாழாய்ப்போன என் அவசரம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். உன் மேல் தப்பில்லை என்று நான் சர்க்கரையையும் சூட்டையும் பற்றிப் படித்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சீரோடு போன அன்று திரும்பி வருகிற பஸ்ஸில், அவர்கள் திருப்பிக் கொடுத்த அதிரசக் கூடை என் மடியில் இருந்தது. அத்தைக்கென்று விட்டு வைத்த ஜன்னலோர இடம் காலியாகவே வந்தது. எனக்குப் பசி. ஒன்றை எடுத்துத் தின்றேன், இன்னொன்றும் தின்றேன். அத்தனை பேரில் ஒருத்தி கடித்துப் பார்த்திருந்தால் போதும், இந்நேரம் அத்தை இங்கே உட்கார்ந்திருப்பாள் என்று மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடித்தால் நன்றாக இருக்கும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதும், அதனால்தான் ஒருத்தியும் கடிக்கவில்லை என்பதும், நானே ஒரு வீட்டில் மருமகளாகப் போய் உலை வைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.