மின்மினி வாங்கும் ஜாகா

எங்கள் வீடு சிம்பாங் அம்பாட்டில். என் அலுவலகமும் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும் கடல் தாண்டித் தீவில். அதனால் தினமும் காலையில் பாலத்து ஜாமில் நாங்கள் இருவரும் காருக்குள் அடைந்து கிடப்போம். அவள் முதலாம் ஆண்டில் இருந்தபோது வழி முழுக்கக் கேள்விதான். கடலுக்கு யார் உப்புப் போட்டது, லாரிக்காரர் எங்கே குளிப்பார், பாலத்துக்குத் தூக்கம் வராதா. பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். நான்காம் ஆண்டுக்கு வந்தபோது ஒரு கேள்வியும் இல்லை. வகுப்பில் அமைதியான பிள்ளை என்று ஆசிரியை பாராட்டினார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

அவளை மறுபடி கேட்க வைக்கத்தான் அந்தக் கதையை ஆரம்பித்தேன். ஒரு நாட்டில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் வாயிலிருந்து ஒரு மின்மினி பறந்து வரும். பள்ளி வாசலில் காவல் நிற்கும் ஜாகா அதைப் பிடித்துப் போத்தலில் அடைத்துவிடுவார். அந்தப் போத்தல்கள்தான் தேர்வு மண்டபத்துக்கு விளக்கு. மின்மினியே வராத பிள்ளைக்கு முதல் பரிசு. ஜாகா கெட்டவர் இல்லை. அழுகிற பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டு, "மேல சொல்றத செய்யறேன், நான் என்னம்மா பண்றது?" என்பார். என் மகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கு மீசை வைத்ததே அவள்தான். கதையை ஆசையாகக் கேட்டாள். கேள்வி மட்டும் கேட்கவில்லை.

கதை வளர்ந்து நாவலானது. லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. நம் ஊர் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மேடையில் இருப்பவர்கள் நூலைப் புகழ்வார்கள், கட்டுக்கட்டாக வாங்குவார்கள், படிப்பதை மட்டும் அடுத்தவருக்கு விட்டுவிடுவார்கள். மகளின் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவராக இருப்பவர், தங்கமான மனிதர், ஒரு பெட்டியையே வாங்கினார்.

"நம்ம பள்ளிக்கூடத்து அம்மா எழுதுனது. பரிசளிப்பு விழாவுக்கு இதையே கொடுத்துடுவோம்லா," என்றார்.

ஆறாம் ஆண்டுத் தேர்வை அரசாங்கமே ரத்து செய்துவிட்டது. ஆனால் பிள்ளை எத்தனையாவது என்று தெரியாவிட்டால் நம் பெற்றோர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மூன்று பேருக்குப் பரிசு தொடர்கிறது. அந்த வருடம் அந்தப் பரிசு, முதல் இடத்தைக் கேலி செய்யும் என் புத்தகம். தங்க நிறக் காகிதத்தில் சுற்றி, வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று கட்டளையும் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் என்னையே மேடைக்கு அழைத்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. சிரிப்பை மட்டும் படத்துக்குக் காட்டினேன். என் மகளின் ஐந்தாம் ஆண்டு வகுப்பின் முறை வந்தபோது கீழே அவள் மற்ற பிள்ளைகளோடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பாலத்தில் வழக்கம்போல ஜாம். அவள் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடியே பேசினாள்.

"மா, நீங்க எனக்குக் கொடுத்த புக்க உங்க அலமாரியில திருப்பி வச்சிடறேன்."

வீட்டுக்கு வந்த முதல் பிரதி அது. ராத்திரியெல்லாம் அவள் தலைமாட்டில்தான் இருக்கும்.

"ஏன்டா?"

"அது கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கு உள்ளதுதானே."

"உனக்காக எழுதினது அது," என்றேன்.

"அப்ப ஏன் அவங்களுக்கு மட்டும் கொடுத்தீங்க?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. அது வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. என் வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லியது.

"பள்ளிக்கூடத்துல அப்படிச் சொன்னாங்க. நான் என்னம்மா பண்றது?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"ஜாகா மாதிரியே பேசறீங்க," என்றாள். பிறகு, "எல்லாருக்கும் கொடுக்கலாமான்னு நீங்க ஏன்மா கேக்கல?" என்றாள்.

நல்ல பதில்கள் இரண்டு மூன்று வாய்வரை வந்தன. எல்லாம் பொய். "அத்தன பேர் முன்னாடி கேக்கப் பயமா இருந்துச்சு," என்றேன்.

பஸ் நகர்ந்தது. நானும் காரை மெல்ல நகர்த்தினேன்.

"எனக்கும் கிளாஸ்ல அப்படித்தான்மா," என்றாள்.