மைத்துனன் பேச்சைக் கேட்ட கால்

எனக்கு இடது காலில் நிணநீர் வீக்கம். "மார்பளவுத் தண்ணியில மெதுவா நடங்க, வீக்கம் குறையும்" என்றார் தென்காசி டாக்டர். என் மைத்துனன் விட்டானா? "தண்ணிதான அத்தான்! குற்றாலத்த வச்சுக்கிட்டு நீச்சல்குளம் எதுக்கு?" என்று இழுத்துப்போய், எண்ணெய் மசாஜ்காரரிடம் காலை ஒப்படைத்தான். அவர் பரோட்டா மாவு மாதிரி பிசைந்தார். அப்புறம் அருவியில் நின்று அடி வாங்கினேன்.

மறுநாள் கால் சிவந்து, குளிர்காய்ச்சல். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பீதியில், மிச்சமாகும் ஒற்றைச் செருப்பை யாருக்குக் கொடுப்பதென்று யோசித்தேன்.

"வீங்கின காலை இப்படியா தேய்ப்பாங்க? கிருமி ஏறியிருக்கு" என்று டாக்டர் திட்டுகிறார். பக்கத்தில் நின்ற மைத்துனன் சொல்லுதான்: "இன்னொரு மசாஜ் போட்டிருக்கணும் அத்தான்."

"வெளிய போலே!" என்று கத்தினேன்.

மருந்தில் கால் பிழைத்தது. இப்போது நீச்சல்குளத்தில்தான் நடக்கிறேன். சின்னக் கீறல் இருந்தாலும் இறங்குவதில்லை. கரையில் நின்று அவன் "அத்தான், ஒரு யோசனை" என்றால், முங்கிவிடுகிறேன்.