தலைவர் எடுத்த சந்திரகிரகணம்

பெனிட்டோவின் வீட்டு அலமாரியில் நூற்று முப்பத்தேழு பொன்னாடைகள் இருந்தன. புதுக்கடைச் சந்திப்பில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவர், பதினோரு வருடமாக வட்டாரப் புகைப்படக் கலைஞர் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்கு நாற்பத்திரண்டு உறுப்பினர்களும் ஒரு லெட்டர்பேடும் உண்டு. அந்த லெட்டர்பேடில் சங்கத்தின் பெயரைவிடத் தலைவர் பெயர் கொஞ்சம் பெரிது.

வினை ஜெனித் வடிவில் வந்தது. மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கிய அந்தப் பையன், சங்கக் கூட்டத்தில் எழுந்து, "தலைவருக்கு பிளாஷ் இல்லாம ஒரு படமாவது எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டான்.

பெனிட்டோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "லேய், வாற சந்திரகிரகணத்தை முதல்ல இருந்து கடைசி வர பிலிம்ல எடுப்பேன். ஒரே பிலிம் கட்டத்துல எல்லா நிலாவும் வரிசையா நிக்கும். கம்ப்யூட்டர்ல ஒட்டுப்போடுத சோலி எனக்க கிட்ட இல்ல. நடக்கலன்னா பதவிய விட்டுருவேன்!"

கைதட்டல் அடங்கிய பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. நாற்பது வருடத் தொழிலில் அவர் கண் இமைக்கும் நேரத்துக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்ததே கிடையாது. ஞானஸ்நானமோ கல்யாணமோ கல்லறையோ, பிளாஷை மாட்டுவார், அழுத்துவார், சாப்பிடப் போய்விடுவார். பிலிம் காலத்தில் சிவப்பு பல்பு எரிந்த பின்னறை மனைவி லீமாவுடையது. மணப்பெண்ணின் வெள்ளைச் சேலையை மடிப்பே தெரியாமல் அவர் வெளிறடித்துக் கொண்டுவருவார். லீமா அதை மடிப்பு மடிப்பாகத் தாளில் மீட்டெடுப்பாள். ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் "பெனிட்டோ அண்ணனுக்க கைராசி" என்பார்கள். அவரும் அந்தக் கையைத்தான் குலுக்கக் கொடுப்பார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏட்டி, நிலாவுக்கு எத்தர செகண்டு வைக்கணும்?"

லீமா மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "முழு நிலாவுக்குக் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிரும். மறைஞ்சு செவந்த பொறவு ஆறேழு செகண்டாவது வேணும். நிலா நகந்துட்டே இருக்கும்லா, பத்து நிமிசத்துக்கு ஒருக்க எடுத்தா தள்ளித்தள்ளி விழும். நடுவுல கேமரா அசைஞ்சா எல்லாம் போச்சு." காலண்டர் தாளின் பின்புறம் நேரங்களை எழுதியும் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அந்தத் தாள், "எனது நாற்பதாண்டு அனுபவத்தில்..." என்று தொடங்கிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வெளியானது.

கிரகண நாளான செப்டம்பர் ஏழாம் தேதி புதுக்கடைப் பக்கம் மேகம். மறுநாள் மாதா பிறந்தநாள் என்பதால் கோயில்களில் எல்லாம் சீரியல் லைட்டு வேறு. லீமா சொன்னபடி வேன் பிடித்து ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டிக் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலுக்குப் போனார்கள். இதோடு விட்டிருந்தால் அவர் பெனிட்டோ அல்ல. ஜெனரேட்டர், மைக், மேடை, அறுபது நாற்காலி, ஒரு பிளெக்ஸ். பிளெக்ஸில் தலைவரும் இருந்தார், நிலாவும் இருந்தது. நிலா சிறியது. கிரகணத்தைத் தொடங்கி வைக்க முன்னாள் வார்டு உறுப்பினர் குமாரதாஸை அழைத்திருந்தார்கள்.

கணவாய்க் காற்று முதல் அடியிலேயே பிளெக்ஸைக் கிழித்தது. லீமா மேடையிலிருந்து நூறடி தள்ளி, வேனைக் காற்றுக்குத் தடுப்பாக நிறுத்தி, அதன் மறைவில் முக்காலியை ஊன்றினாள். கல் நிறைத்த சாக்கை அதன் நடுவில் கட்டித் தொங்கவிட்டாள். பத்து மணிக்கு நிலாவின் ஓரம் கறுத்தது. எல்லோரும் பார்க்க பெனிட்டோ முதல் படத்தை எடுத்தார். கைதட்டினார்கள். லீமா காதில் சொல்லச் சொல்ல இன்னும் நாலைந்து எடுத்தார்.

கிரகணம் சரியான நேரத்துக்கு வந்தது, குமாரதாஸ் வரவில்லை. பத்து ஐம்பதுக்கு அவர் கார் வந்து நின்றதும் மைக் அலறியது. "தலைவர் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!"

நிலாவில் இன்னும் ஒரு நகக்கீற்று வெளிச்சம்தான் பாக்கி. பெனிட்டோ நிலாவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். அங்கே சரிகை போட்ட பொன்னாடை ஒன்று மின்னியது.

"ரெண்டே நிமிசம் மக்கா," என்று போய்விட்டார்.

குமாரதாஸ் நிலாவில் தொடங்கி வார்டு ஓடை வழியாகத் திரும்பவும் நிலாவுக்கு வர நாற்பது நிமிடம் ஆனது. பிறகு ஆளுக்கொரு வாழ்த்துரை. பிறகு தலைவரின் ஏற்புரை. மேலே நிலா செம்பு நிறமாகி முழு இருட்டில் நின்றதைப் பற்றி மேடையில் எல்லோரும் பேசினார்கள், ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் இறங்கி ஓடி வரும்போது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. நிலாவின் விளிம்பில் வெளிச்சம் திரும்பியிருந்தது. லீமா, லென்ஸை மூடித் திறக்கும் கறுப்பு அட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சா?" என்றார்.

"ஆச்சு," என்றாள்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். மிச்சப் படங்களை அவரே அழுத்தி முடித்தார்.

திங்கட்கிழமை லீமா பிலிமைக் கழுவினாள். இருட்டின் குறுக்கே நிலாக்கள் சரிவாக ஏறின. கடிபட்டவை இரு பக்கமும், மங்கலாக எட்டு முழு நிலாக்கள் நடுவிலும். ஒன்றுகூடக் கலங்கவில்லை. "எனக்க படம்!" என்றார் பெனிட்டோ. உண்மையிலேயே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் தேர்தல் கூட்டத்தில் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். ஜெனித் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தான். "கொள்ளாம். ஒரு ஒட்டும் இல்ல," என்றான். தலைவர் முகம் மலர்ந்தது. அப்போதுதான் அவன் போனை எடுத்து நீட்டினான். அன்றைய விழாவை அவன் பேஸ்புக்கில் நேரலையாகப் போட்டிருந்தான். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு இருபத்துநாலு வரை தலைவர் மேடையை விட்டு இறங்கவே இல்லை.

"நடுவுல உள்ள எட்டு நிலாவ தலைவர் எந்தக் கையால எடுத்தாரு? ரெண்டு கையும் கும்பிட்டுட்டுல்லா நிக்கி!"

மண்டபம் சிரித்தது. தானாக எடுத்தது என்று அந்தப் பழைய கேமராவை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இருப்பவர்கள் எல்லோரும் தொழில்காரர்கள். பெனிட்டோ திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில், சாயா கேனுக்குப் பக்கத்தில், லீமா நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"அவதான் எடுத்தா," என்றார். பிறகு, "எப்பவும் அவதான்," என்றார்.

பதவி அதோடு போயிற்று. "அப்ப அக்காவத் தலைவராக்குவோம்!" என்று யாரோ விளையாட்டாகக் கத்தினார்கள். ஜெனித் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். "அதுக்கு மொதல்ல உறுப்பினராவது ஆகணும்."

லீமா முன்னால் வந்து உறுப்பினர் பாரம் ஒன்று கேட்டு வாங்கினாள். நின்றபடியே நிரப்பினாள். தொழில் அனுபவம் என்ற இடத்தில் இருபத்தெட்டு என்று எழுதினாள். தலைவர் கையெழுத்துக்கான கோட்டைக் காட்டிக் கணவரிடம் நீட்டினாள். தலைவராக அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.

"நீ இத எனக்க கிட்ட முன்னமே கேட்டிருக்கலாம்லா?" என்றார் மெதுவாக.

"மூணு தடவ பூர்த்தி பண்ணித் தந்தேன். பாப்போம்னு சொல்லி மேசைல வச்சிய. நீங்க ஒப்பு போடமாட்டியன்னு தெரிஞ்ச பொறவு, தாளு வீணாப் போவாண்டாம்னு கடைல உங்க லென்சு வைக்குத அலமாரில விரிச்சேன்," என்றாள் லீமா. "மூணு தட்டுக்கும் செரியா இருந்துது."