தரையோரத்துப் பூட்டு

மச்சினனுக்கு அவர் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷத்தில் கடை வாடகைக்கும் மருந்துக்கும் அவன் கொடுத்தது. மற்றபடி யாரிடமும் கைநீட்டியவர் இல்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தொழிலில் தனி ஆளாக நின்று கடை போட்டவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்; அதற்கு மேல் தனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை என்பது அவர் கருத்து. சும்மா சொல்லக் கூடாது, அவர் கட்டிய காயில் கருகிப்போச்சு என்று ஒருவர் வந்து நின்றதில்லை.

வியாதி முதுகெலும்பில். கண்ணி கண்ணியாக அசைய வேண்டிய எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு சற்று முன்வளைந்தபடியே இறுகி ஒரே கம்பியாகிவிட்டது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டும். “இது போகாது. மாத்திரையை விடாதீங்க, உடம்பை அசைச்சுக்கிட்டே இருங்க” என்றார் டாக்டர். பெஞ்சில் உட்கார்ந்து கம்பி சுற்ற அது தடையில்லை. தடை பூட்டுதான். கடை ஷட்டரின் பூட்டு தரையோரத்தில் இருந்தது.

அதனால் தினமும் காலையில் மச்சினன் வந்து குனிந்து திறந்துவிட்டுத் தன் வேலைக்குப் போவான். ராத்திரி வந்து பூட்டுவான். ஒருநாள் முகம் சுளித்ததில்லை. அதுதான் கஷ்டம். புதிதாக வருகிறவர்கள் திறக்கிறவனை முதலாளி என்றார்கள்; பக்கத்தில் விறைத்து நின்றவரைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார்கள்.

கடன் பேச்சை எடுத்தபோது அவன் சிரித்தான். “பணத்துக்கு என்ன மாமா அவசரம்? நீங்களே கடையைத் திறக்கிற அன்னைக்குக் கொடுங்க.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். இவர் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார். பணம் சீக்கிரமே சேர்ந்தது. பூட்டுக்குப் போகத்தான் வழியில்லை.

“வெல்டிங்காரரைக் கூப்பிட்டா பூட்டை மேல ஏத்தி வச்சிடுவாரு. எதுக்குங்க இந்த வீம்பு?” என்றாள் மனைவி.

“பூட்டு அது இடத்துலயே இருக்கட்டும். நான் போய்க்கிறேன்.”

அப்படித்தான் அவர் யோகா வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். இவரும் படுத்தார். தலை மட்டும் தரைக்கு வராமல் ஒரு சாண் மேலே நின்றது. டீச்சர் இரண்டு தலையணை கொண்டுவந்து முட்டுக்கொடுத்தாள். மற்றவர்கள் கண்ணை மூடி அமைதியில் கிடக்க, இவர் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“தலைகீழா நிக்கிறது எப்போ டீச்சர்?”

“ஐயா, உங்க முதுகு இனி வளையாது. அதைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இடுப்பு இருக்கு, முட்டி இருக்கு, மூச்சு இருக்கு. இதை வச்சுப் பார்ப்போம்.”

“இருக்கிற சாமானை வச்சு ஓட்டுறதா? அது என் தொழில்தானே.”

நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல முட்டிபோடச் சொல்லிக்கொடுத்தாள். காலையில்தான் உடம்பு மரக்கட்டையாக இருக்கும். ஆகவே விடிவதற்கு முன்பே எழுந்து, கட்டிலைப் பிடித்து இறங்கிப் பழகினார். வலி போகவில்லை. ஆனால் பத்தடி நடந்தாலே மூச்சு இரைப்பது குறைந்தது. முட்டி தரையைத் தொட்டது. ஒரு நாள், கட்டிலைத் தொடாமலே இறங்கினார். வகுப்பில் தன்னை விஞ்ச ஆளில்லை என்று மனைவியிடம் சொன்னார். மற்றவர்களுக்கெல்லாம் முதுகு வளையும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை, மச்சினன் வருவதற்குள் கடைக்குப் போனார். சாவி ஒரு பையில், பணக்கட்டு இன்னொரு பையில். காலை வைத்தார், மூச்சை விட்டார், இறங்கினார். பூட்டு கண்ணுக்கு நேரே வந்தது. திறந்தார். கைப்பிடியைத் தூக்கிவிட்டார். ஷட்டர் பாதிவரை எழுந்தது. மீதிக்கு அவர் எழ வேண்டும்.

அங்கேதான் இடித்தது. இறங்குவதற்கு மட்டுமே கட்டிலை விட்டிருந்தார். எழுவதற்கு இன்னும் அதுதான் துணை. இங்கே அந்தக் கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அது அவருக்கு முன்பே, கைக்கு எட்டாமல் மேலே போய்விட்டது. கொஞ்ச நேரம் முட்டிபோட்டிருந்தார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். “கடை திறந்தாச்சா?”

“பாதி திறந்திருக்கு. மோட்டாரை வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க.”

“நீங்கதான் முதலாளியா?”

“பார்த்தா எப்படித் தெரியுது?”

அவள் மோட்டாரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வழக்கமான நேரத்துக்கு மச்சினன் வந்தான். கையில் அவனுடைய சாவி. ஷட்டரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “ஐயோ, விழுந்துட்டீங்களா மாமா?”

“விழறவன் பூட்டைத் திறந்துட்டு அப்புறமா விழுவான்?”

அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தூக்கிவிடக் கையை நீட்டினான். “புடிங்க.”

இவர் பிடிக்கவில்லை. பணக்கட்டை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் முதல் நோட்டை வைத்தார்.

“மாமா, எழுந்ததுக்கு அப்புறம் கொடுங்களேன். ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். கடையைத் திறக்கிற அன்னைக்குன்னுதானே சொன்னே மாப்ளே? எழுந்திரிக்கிற அன்னைக்குன்னு சொல்லலையே. கையை ஆட்டாதே, கணக்கு தப்பிடும்.”

மச்சினன் குனிந்தபடியே நின்றான். அவனுக்கு முதுகு வலித்தது. இவர் ஒவ்வொரு நோட்டாக, நிதானமாக, கடைசி நோட்டு வரை எண்ணி வைத்தார்.