ஆளுக்கொரு பிள்ளை

1. பின்வாசல்

போடியில் ஓர் ஏலக்காய் கோடவுனில் நான் மேஸ்திரி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் தரம் பிரிப்பார்கள். வேலை வாங்குவது என் பொறுப்பு. அண்டை மாநிலத்தோடு எல்லைத் தகராறு முற்றிய சமயம் அது. மலைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்களை அடிக்கிறார்கள் என்று செய்தி வந்ததும், இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளை உடைக்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

எதிர்க்கடை பேக்கரி லிசியுடையது. மலையாளிக் குடும்பம். அவள் புருஷனும் பேக்கரி மாஸ்டரும் மலைக்கு மேலே போனவர்கள், திரும்ப முடியவில்லை. லிசி ஐந்து பிள்ளைகளோடு எங்கள் பின்வாசலுக்கு ஓடி வந்தாள். மூன்று அவளுடையவை, இரண்டு மாஸ்டருடையவை.

“சேச்சி, பிள்ளைகள மட்டும் உள்ள விடுங்க. நான் எங்கயாச்சும் போயிக்கிறேன்.”

“கிறுக்கா புடிச்சிருக்கு? நீயும் வா, வெரசா!”

விஷயம் தெரிந்து முதலாளி போனில் கத்தினார். “வேண்டாத சோலி பாக்காதீக! தீ வச்சாய்ங்கன்னா கோடவுனே போயிரும்.” அது பொய்யில்லை. உள்ளே முழுக்கக் காய்ந்த காயும் சாக்கும். பெண்களிடம், பயந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றேன். ஒருத்தியும் எழவில்லை.

“ஆளுக்கொண்ணா மடியில போட்டுக்கிருவோம்க்கா” என்றாள் பேச்சியம்மாள்.

தூசிக்காக மூக்கை மறைத்துத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். லிசிக்கும் ஒன்றைக் கட்டி, முறத்தைக் கையில் கொடுத்து நடுவில் உட்காரவைத்தேன்.

2. பெட்ரோல் கேன்

ஷட்டரை மேலே தள்ளிவிட்டு நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் பெட்ரோல் கேன்.

“பேக்கரிக்காரன் புள்ளைக இங்கன வந்துச்சாம்ல?”

“எங்க புள்ளைகதான் இருக்கு. பள்ளிக்கூடம் லீவு” என்றேன்.

பேச்சியம்மாள் மடியில் இருந்தது லிசியின் மூத்த மகள் அனு. அவன் அவளிடம் குனிந்தான். “ஒன் பேரென்ன பாப்பா?”

அவள் வாய் திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சியம்மாள் பிள்ளையின் முகத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு எழுந்தாள்.

“காய்ச்சல்ல கெடக்குற எம்புள்ளய மெரட்டவா வந்த? தீய வைக்கணுமா? வையி. உள்ள இருக்கது அம்புட்டும் ஒன் ஊருப் பொம்பளைகதான். நாங்க எந்திரிக்க மாட்டோம்.”

பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். ஒரு கையும் முறத்தில் அசையவில்லை. பின்னால் நின்றவன் அவன் தோளைத் தொட்டு, “வாண்ணே, போவோம்” என்றான். போய்விட்டார்கள்.

3. போடிமெட்டு

மறுநாள் காலையில், லிசியையும் பிள்ளைகளையும் எல்லையில் கொண்டுபோய் விட, தெரிந்த டிரைவர் ஒருவரின் ஜீப்பில் ஏறினோம். அதே மடிகள், அதே பிள்ளைகள். பாதி மலையில் ஒரு கும்பல் மறித்தது. “தோட்டத்து ஆளுக. புள்ளைகளுக்கு மலை ஏறுனா தலசுத்தும், வாந்தியெடுக்கும், தள்ளி நில்லுங்கப்பா” என்றார் டிரைவர். தள்ளித்தான் நின்றார்கள்!

மலையுச்சியில், எல்லையான மெட்டில், போனில் சொல்லிவைத்தபடி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் லிசியின் புருஷனும் மாஸ்டரும் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டன. அவர்கள் பக்கத்தில் ஒரு மலையாளத்து அம்மா. அந்த அம்மாவோடு, எங்கள் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து எஸ்டேட் வேலைக்குப் போன இரண்டு குடும்பம், கைக்குழந்தைகளோடு.

“எங்க ஆளுகளே இவங்களத் தேடி வந்நு. ஏலக்கா ஸ்டோருல ஒளிச்சு வச்சேன். பத்திரமா கொண்டுபோங்க” என்றார் அந்த அம்மா.

போகும்போது இருந்ததைவிட நெரிசலாக ஜீப் இறங்கியது. பேச்சியம்மாள் மடியில் வேறொரு பிள்ளை. வளைவுக்கு வளைவு நாங்கள் குலவை போட்டோம்.

அனு இப்போது பள்ளி ஆசிரியை. போன மாதம் போன் செய்தாள். உலகப்போர்க் காலத்தில், கொல்லத் தேடப்பட்ட யூதப் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளை என்று சொல்லி வீட்டில் வைத்துக் காப்பாற்றிய சாதாரணக் குடியானவர்களைப் பற்றி வகுப்பில் பேசினாளாம். “அவங்களுக்குப் பயமே இருந்திருக்காதா டீச்சர்னு பசங்க கேக்குறாங்க. என்ன சொல்லட்டும் சேச்சி?”

“நல்லா பயந்திருப்பாகன்னு சொல்லு. நாங்களும் நடுங்கிக்கிட்டேதான் உக்காந்திருந்தோம். ஆனா மடிய விட்டு எறக்கல.”