கல்யாணப் பாட்டில் கேட்கும் தகரச் சத்தம்

கம்பம் தெருவுக்குள் காட்டு யானை வந்து ஓடியதே, அதற்கு மறு வருஷம். காமயகவுண்டன்பட்டியில் திராட்சை பழுத்திருந்தது. குருவி விரட்டத் தகரத்தோடு நின்றேன். பழைய எண்ணெய் டின்தான். அது என்னிடம் வந்த கதை வேறு, விடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து ரவி கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். வரப்புத் தகராறில் அவனுடைய பங்காளிகள் இரண்டு பேர் அரிவாளோடு வந்தார்கள். முதல் வெட்டில் அவன் இடது கை விரல்கள் மண்ணில் விழுந்தன. அடுத்தது தோளில் இறங்கியது.

"ஏலே, கழுத்தப் பாத்துப் போடு!" என்றான் ஒருவன்.

கையில் இருந்தது தகரம்தான். தகரத்தை வெறிபிடித்தவன்போல அடித்தேன். ஒரு தோட்டத்தில் விரட்டினால் குருவி அடுத்த தோட்டத்தில் இறங்கும். அதனால் என் சத்தம் கேட்டதும் சுற்றியிருந்தவர்களும் அவரவர் தகரத்தை அடித்தார்கள். நாலு பக்கமும் அதிர்ந்தது.

"ஊரே வருதுடா, ஓடு!"

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பிழைத்து வந்த ரவி மிச்ச விரல்களால் ஒரு டிஸ்கோ பாட்டுப் போட்டான். அடித்தாளம் அதே தகரம். இப்போது அது இல்லாமல் இங்கே கல்யாணமே இல்லை. கேட்டால் எனக்கு ரத்தம்தான் கண்ணில் தெரியும்.

"அதப் போயி ஆட்டப் பாட்டாக்கிட்டியேடா?" என்றேன்.

"அம்புட்டுப் பேரும் குருவி வெரட்டுனாக, நான் பொழச்சேன். அதுக்கு ஆடாம வேற எதுக்கு மாமா ஆடுறது?" என்று சிரித்தான்.

போன முகூர்த்தத்தில் நானும் ஆடினேன். அந்தப் பாட்டுக்கு யாராவது ஆடினால் நிறுத்தாதீர்கள். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது, அது எந்தத் தகரம் என்று சொல்லிவிடுங்கள்.